சேணத்தில் ஒரு தையல்

கிழிந்த இடத்தைக் கண்டால் மனிதன் எச்சரிக்கை கொள்கிறான். தைத்த இடத்தைக் கண்டால் நம்பிக்கை கொள்கிறான். இவ்விரண்டில் எது ஆபத்தானது என்று கேட்டால் பெரும்பாலோர் கிழிசலையே சுட்டுவர். என் விடை வேறு. கிழிசல் ஒளிவுமறைவு அறியாதது. தன் குறையைத் தானே சொல்லிவிடும். தையலோ நல்லதாகவும் இருக்கலாம். நல்லது போலவும் இருக்கலாம். நல்லது போல இருக்கும் தையல், கிழிசலின் வாயை அடைத்துவிடுகிறது.

இந்த உண்மையை நான் ஏட்டில் படித்து அறிந்தேனல்லேன்; குதிரைச் சேணங்களில் கண்டு அறிந்தேன். தமிழாசிரியன் ஒருவனுக்கும் குதிரைச் சேணத்திற்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கலாம். என் தந்தையார் பேராக் மாநிலத்தில் குதிரைப் பந்தயத் திடல் ஒன்றில் குதிரைகளைப் பேணும் வேலையில் இருந்தவர். அவ்வேலை செய்வோரை இந்நாட்டில் 'சைஸ்' என்று அழைப்பது வழக்கம். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் லாயத்தில் இருப்பார். பள்ளி விடுமுறை நாள்களில் நானும் உடன் செல்வேன். குதிரைக்குச் சேணம் பூட்டுமுன் அவர் தவறாமல் செய்யும் செயல் ஒன்று உண்டு. வார் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, உள்பக்கம் வெளியே தெரியுமாறு மடித்துப் பார்ப்பார். விளக்கின் அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பார். பிறகு கட்டைவிரல் நகத்தால் தையலை வருடுவார்.

"வாரின் வெளிப்பக்கம் பளபளக்கும், தம்பி, உள்பக்கந்தான் உண்மையைப் பேசும்" என்பார்.

1964ஆம் ஆண்டில் ஒரு நாள் காலைப் பயிற்சியின்போது, வேறொருவர் பூட்டிய குதிரையில் சென்ற இளைஞன் ஒருவன் கீழே விழுந்தான். அவன் கால் வைத்திருந்த அங்கவடியின் வார் பாதி ஓட்டத்தில் அறுந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்த அவன் பின்னர் எக்காலத்தும் குதிரை ஏறவில்லை. அந்த வார் முந்திய வாரந்தான் பழுது பார்க்கப்பட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அன்று மாலை என் தந்தையார் அறுந்த துண்டை எனக்குக் காட்டினார். புதிய நூல் முழுமையாக அப்படியே இருந்தது. அறுந்தது நூலன்று, தோல். பழைய ஊசித் துளைகளுக்கு நடுவே புதிய துளைகள் நெருக்கமாக இடப்பட்டிருந்தன. அஞ்சல் தலைகளைக் கிழிப்பதற்கு வசதியாகத் துளையிட்டிருப்பார்கள் அல்லவா? அவ்வாறே அந்த வாரும் கிழிவதற்கு வசதியாகத் தைக்கப்பட்டிருந்தது. "தைக்காமல் விட்டிருந்தால் இதை யாரும் பூட்டியிருக்க மாட்டார்கள்" என்றார் என் தந்தையார். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, அந்தச் சொல் எனக்கு வேறொரு நாட்டில் பயன்பட்டது. என் மருமகன் பணியின் பொருட்டு அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் குடும்பத்துடன் தங்கியிருந்தார். ஓய்வு பெற்றிருந்த நான் 2018ஆம் ஆண்டில் சில திங்கள் அவர்களோடு இருந்தேன். அமெரிக்க மாநிலங்களுள் மக்கள்தொகையில் மிகச் சிறியது வயோமிங். மாடு வளர்ப்பிற்குப் பெயர் பெற்றது. அதன் வடபகுதியில், பிக்ஹார்ன் மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள ஷெரிடன் என்னும் சிறு நகரமே அவர்கள் இருந்த ஊர். அவ்வூர் சேண வேலைக்குப் புகழ் வாய்ந்தது. டான் கிங் என்னும் கலைஞர் அங்கு வளர்த்த தோல் வேலைப்பாடு, ஊரின் பெயராலேயே வழங்கி வருகிறது. காட்டு ரோசாப் பூக்களும் சுருள் கொடிகளும் வட்டத்துள் வட்டமாகப் பின்னிச் செல்லும் அழகைக் கண்டால், சிற்பியின் உளியே தோலில் நடந்ததோ என்று தோன்றும். 1991ஆம் ஆண்டில் நாட்டுப்புறக் கலைஞருக்கான தேசிய மரபுரிமைச் சிறப்பைப் பெற்றவர் அவர். அவர் பெயர் விளங்கும் காட்சிச்சாலையில் நூற்றுக்கணக்கான சேணங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

என் தந்தையார் கையாண்ட பந்தயச் சேணத்திற்கும் அந்நாட்டுச் சேணத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. பந்தயச் சேணம் ஒரு கையில் அடங்கும். எடை குறையக் குறைய அதற்குச் சிறப்பு. மேற்கு அமெரிக்கச் சேணமோ பெரியவர்களுக்கு உரியதாயின் பதினைந்து கிலோ அளவிற்குக் கனக்கும். ஸ்பானியர் மெக்சிகோவிற்குக் கொண்டுவந்த சேணத்தை, அங்கிருந்த மாடு மேய்ப்போர் தம் தொழிலுக்கேற்ப மாற்றி அமைத்தனர். அவர்களிடமிருந்து அது வடக்கே பரவியது. நாள் முழுதும் அமர்ந்திருக்க வேண்டும். கயிற்றை வீசி மாட்டைப் பிடிக்க வேண்டும். பிடித்த மாட்டின் இழுவையைத் தாங்க வேண்டும். ஆதலால் அதன் முன்புறத்தில் கயிற்றைச் சுற்றுவதற்கு ஒரு கொம்பு நிற்கிறது. பல நூறு கிலோ எடையுள்ள மாடு திமிறும்போது, அந்த இழுவை முழுவதும் கொம்பின் வழியே சேணத்தின் எலும்புக்கூட்டில் இறங்குகிறது.

அந்த எலும்புக்கூட்டை அவர்கள் 'மரம்' என்றே சொல்கிறார்கள். பெயருக்கேற்ப அது பெரும்பாலும் மரத்தால் ஆனது. மரச் சட்டத்தின்மேல் பதனிடாத பச்சைத் தோலை ஈரத்தோடு இழுத்துப் போர்த்தித் தைப்பார்கள். தோல் காயக் காயச் சுருங்கி, மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். இக்காலத்தில் கண்ணாடியிழையும் பயன்படுகிறது. சட்டத்தின் அடியில் நீளவாட்டில் இரண்டு பலகைகள் உண்டு. அவை குதிரையின் முதுகெலும்பைத் தொடாமல், அதன் இருபுறமும் அமர்ந்து, ஏறியிருப்பவரின் எடையைப் பரப்பி வைக்கின்றன. மரம் முறிந்தால் எடை ஓரிடத்தில் குத்தும், முதுகு புண்ணாகும். குதிரை வாயில்லாச் சீவன். வலியைச் சொல்ல அதற்குத் தெரிந்த வழிகள் மிகச் சில. துள்ளுவது அவற்றுள் ஒன்று. துள்ளினால் முதுகில் இருக்கும் குழந்தை என்னாகும்?

நான் குழந்தை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பதினொரு வயதான என் பேத்தி அங்குக் குதிரையேற்றம் கற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சேணம் வேண்டியிருந்தது. புதியது வாங்கப் பொருள் மிகுதியாக வேண்டும். வளரும் குழந்தைக்கு அது சில ஆண்டுகளே பொருந்தும். ஆகவே, ஒருவர் பயன்படுத்தியதை வாங்குவதே அவ்வூர் வழக்கம். பக்கத்து வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தார். நாற்பது ஆண்டுகளாகச் சேணம் பழுது பார்த்தவர். என் தந்தையாரின் தொழிலைப் பற்றி நான் சொன்ன நாள்முதல், அவருக்கும் எனக்கும் நட்பு உண்டாகிவிட்டது. அவரையும் அழைத்துக்கொண்டு சேணம் பார்க்கச் சென்றோம்.

முதலில் பார்த்தது நகருக்கு வெளியே ஓர் இளந்தாயின் வீட்டில் இருந்தது. கருஞ்செம்மை நிறத்தில் அது கண்ணாடிபோல் மின்னியது. "தாத்தா, இதுவே போதும்" என்று என் பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள். விலையும் குறைவு. அந்தப் பெண்மணி, "சென்ற ஆண்டுதான் முழுவதும் பழுது பார்த்து வாங்கினோம்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். முதியவர் அதைக் கேட்டதும் சேணத்தைத் தொடவே சற்றுத் தயங்கியதை நான் கவனித்தேன். பிறகு, "பழுது பார்த்தது என்றால், பழுது எது என்று முதலில் தெரிய வேண்டும்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே சேணத்தைக் கவிழ்த்து வைத்தார்.

அடிப்புறத்தில் ஆட்டு உரோமத் தோல் மெத்தைபோல் வேயப்பட்டிருக்கும். அது புத்தம் புதியதாக வெண்மையாய் இருந்தது. முதியவர் கண்ணால் பார்க்காமல், உள்ளங்கையை வைத்து அழுத்தி மெல்ல நகர்த்தினார். பிறகு என் கையையும் வைக்கச் சொன்னார். இரண்டிடங்களில் ஆணித் தலைகள் நெருடின. ஓரங்களைச் சுற்றித் தைத்திருக்க வேண்டியதைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். பசை காய்ந்த இடங்கள் கட்டை தட்டி இருந்தன. உரோமத்தைப் பிரித்து அடியைப் பார்த்தால் தோல் இல்லை. நெய்த துணி இருந்தது. அது செயற்கை உரோமம். செயற்கையானது என்பது மட்டுமே குற்றமன்று என்றார் முதியவர். நல்ல செயற்கை உரோமமும் உண்டு. ஆனால், அடிப்புறம் முழுவதையும் புதிதாக மூடியவர் எதை மூடினார் என்று கேட்க வேண்டும்.

அடுத்து அவர் சேணத்தை நிமிர்த்தி, கொம்புள்ள முன்பக்கத்தைத் தம் இடுப்பில் அண்டக்கொடுத்து, பின்புறத்து மேட்டை இரு கைகளாலும் பற்றித் தம்மை நோக்கி இழுத்தார். உறுதியான மரமாயின் இருக்கை அசையாது. சிலவகைச் செயற்கைச் சட்டங்கள் சிறிதே வளைந்து மீளும், அதில் தவறில்லை. இதிலோ இருக்கையின் நடுவில் தோல் மடிந்து மேலெழுந்தது. உள்ளே 'டக்' என்று ஓர் ஓசை கேட்டது. பேத்தியும் கேட்டாள். அவள் பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டு, அருகில் வந்து பார்த்தாள்.

அதன் பிறகு அவர் பார்த்தவை யாவும் அந்த ஓசைக்கு விளக்கவுரைகளாகவே அமைந்தன. குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தைப் பிணிக்கும் வார், இருபுறமும் உள்ள உலோக வளையங்களில் கட்டப்படுகிறது. அந்த வளையங்களைத் தாங்கும் தோல், உள்ளே மரத்தோடு திருகாணிகளால் பிணிக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கே வலப்புற வளையத்தின் தோல் புதியது. ஆனால் அது மரம்வரை செல்லவில்லை. மேல்தோலோடு மட்டும் இரண்டு மெல்லிய ரிவிட்டுகளால் இணைக்கப்பட்டிருந்தது. குதிரையேறியின் உயிர் அந்த இரண்டு ரிவிட்டுகளில் தொங்கியது. இடப்புற வளையமோ இதைவிட ஒரு விரற்கடை முன்னே இருந்தது. இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் சேணம் கோணலாக இழுபடும்.

அங்கவடி வார்களை அவர் முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தார். மரத்தைச் சுற்றி வளையும் இடமே வாரில் மிகுதியாகத் தேயும். அந்த இடமே கண்ணுக்குத் தெரியாத இடமும் ஆகும். பெரும்பாலோர் இடப்பக்கத்திலிருந்தே குதிரை ஏறுவதால், இட வார் நாளடைவில் நீண்டுவிடுவதும் உண்டு. அவர் வாரை மடித்ததும், மேலே பூசியிருந்த சாயம் செதிள் செதிளாக வெடித்தது. உள்ளிருந்து செந்தூள் உதிர்ந்து விரல்களில் ஒட்டியது. அது செத்த தோல். எத்தனை எண்ணெய் தடவினாலும் அதற்கு உயிர் வராது. சாயமும் எண்ணெயும் சேர்ந்து தந்த பொலிவே நாங்கள் வாசலில் கண்ட மின்னல்.

கடைசியாகத் தையல். கையால் தைப்போர் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இருபக்கமிருந்தும் நூலைச் செலுத்துவர். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த தையல் பிடித்துக்கொள்ளும். பழுது பார்க்கும்போது பழைய துளைகளிலேயே ஊசியை நடத்துவது நல்லோர் மரபு. காலம் எடுக்கும், கை வலிக்கும், ஆயினும் தோல் பிழைக்கும். இங்கே எந்திரத்தில் வைத்துப் பழைய துளைகளுக்கு நடுவே மெல்லிய நைலான் நூலை ஓட்டியிருந்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். 1964இல் என் தந்தையார் காட்டிய அந்தத் துளை வரிசையே அங்கும் இருந்தது. நாடு வேறு, சேணம் வேறு, தைத்த கையும் வேறு. அவசரம் மட்டும் ஒன்றே.

இனிச் செய்ய வேண்டியது என்ன? "வேண்டாம்" என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வாங்குகிறவனுக்கு அதுவே எளிய வழி. ஆனால் அந்தச் சேணம் அங்கேயே இருக்கும். நாளை வேறொரு குழந்தையின் தாத்தா வருவார். அவருடன் பழுது பார்க்கத் தெரிந்த முதியவர் இருக்கமாட்டார். முதியவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் அந்தப் பெண்மணியை அருகில் அழைத்து, கொம்பை அவருடைய இடுப்பில் வைத்து, பின்மேட்டை அவரையே இழுக்கச் சொன்னார். 'டக்' என்ற ஓசை மீண்டும் எழுந்தது. பிறகு வளையத்தையும், செந்தூளையும், தையலையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். குற்றம் சாட்டும் தொனி அவர் குரலில் இல்லை. நோயாளியின் உறவினரிடம் மருத்துவர் பேசுவது போலவே பேசினார்.

அந்தப் பெண்மணியின் முகம் வெளுத்துவிட்டது. "என் மகள் சென்ற ஆண்டு முழுவதும் இதில்தான் ஏறினாள்" என்றார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. அவரும் பொருள் கொடுத்து ஏமாந்தவரே. சேணம் பளபளப்பாகத் திரும்பி வந்ததால் நம்பியவர். பிறகு அவர் உள்ளே சென்று ஒரு கத்தியைக் கொண்டுவந்து முதியவரிடம் நீட்டினார். "யாரும் பூட்ட முடியாதபடி இதை அறுத்துவிடுங்கள்" என்றார். முதியவர் இருபுற வளைய வார்களையும் அறுத்து எறிந்தார். விற்றிருந்தால் அந்தப் பெண்மணிக்குப் பணம் கிடைத்திருக்கும். அவர் வாழ்ந்த எளிய வீட்டைப் பார்த்தபோது, அந்தப் பணம் அவருக்குத் தேவையானதே என்று தோன்றியது. ஆயினும் அவர் ஒரு நொடியும் தயங்கவில்லை. அறம் என்று நாம் வகுப்பறையில் விளக்கும் சொல்லுக்கு, அன்று அந்த வாசலில் ஓர் எடுத்துக்காட்டைக் கண்டேன்.

அடுத்த திங்களில் வேறொரு சேணம் வாங்கினோம். அது அழகானதன்று. நிறம் மங்கியிருந்தது, இருக்கையில் கீறல்கள் இருந்தன. அங்கவடி வார்கள் இரண்டும் மற்றத் தோலோடு நிறம் ஒவ்வாமல் வெளிறித் தெரிந்தன. என் பேத்தி முகம் சுளித்தாள். முதியவரோ அந்த நிற வேறுபாட்டைக் கண்டுதான் முதலில் புன்னகை செய்தார். ஒரு வார் பழுதானபோது இரண்டையும் சேர்த்து மாற்றியிருக்கிறார்கள். ஆகவே நீளமும் வலிமையும் ஒத்திருக்கின்றன. மாற்றியதை மறைக்கச் சாயம் பூசவில்லை. தையல் பழைய துளைகளிலேயே சென்றிருந்தது. இழுத்துப் பார்த்தபோது மரம் வாய் திறக்கவில்லை. "இதைப் பழுது பார்த்தவர், தமக்குப்பின் இதைப் பார்க்கப் போகிறவரை மதித்திருக்கிறார்" என்றார் முதியவர். எத்தனை பெரிய சொல்! நல்ல பழுது வேலை தன்னை மறைத்துக்கொள்வதில்லை. 'இங்கே பழுதிருந்தது, இப்படிச் சரி செய்தேன், வேண்டுமாயின் சோதித்துக்கொள்' என்று அது அடுத்து வருபவரிடம் பேசுகிறது.

இந்நிகழ்ச்சியை எண்ணும்போதெல்லாம் என் சிந்தை ஆசிரியத் தொழிலின்பால் செல்கிறது. நாமும் ஒருவகையில் பழுது பார்ப்பவர்களே. நம் வகுப்பிற்கு வரும் மாணவன் ஒருவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது மரத்தில் உள்ள முறிவு. அதைச் சரி செய்ய நாளாகும். பழைய துளைகளிலேயே ஊசியை நடத்தும் பொறுமை வேண்டும். தேர்வோ அருகில் நிற்கிறது. அப்பொழுது மனப்பாடக் கட்டுரை ஒன்று கைகொடுக்கிறது. நம் நாட்டில் 1988இல் தொடங்கி 2021இல் கைவிடப்பட்ட ஆறாம் ஆண்டுத் தேர்வின் காலத்தில் இத்தகைய கட்டுரைகள் எத்தனை! உவமையும் பழமொழியும் மின்ன, பிழையின்றி எழுதிய தாளைப் பெற்றோர் கண்டு மகிழ்வர். மாணவனும் மகிழ்வான். உள்ளே 'டக்' என்னும் ஓசை இடைநிலைப் பள்ளியில்தான் கேட்கும். அங்கே புதியதொரு பாடம் அவன்மேல் பாரமாக ஏறும்போது, தைத்த இடமே அறுந்துவிடும். விழுகிறவன் அவன்; தைத்தவர்கள் அருகில் இருப்பதில்லை.

மனனம் செய்வதையே நான் பழிப்பதாக எண்ண வேண்டா. செயற்கை உரோமமும் நல்லதாக இருக்கலாம் என்றாரே முதியவர், அதுபோல மனனமும் மொழிக்கு வளம் சேர்ப்பதே. எதன்மேல் அதைப் போர்த்துகிறோம் என்பதுதான் வினா. உறுதியான மரத்தின்மேல் போர்த்தினால் அது மெத்தை. முறிந்த மரத்தின்மேல் போர்த்தினால் அது திரை.

மாணவர்களும் இதை எண்ணிப் பார்க்கலாம். உங்கள் கட்டுரையில் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துத் திருத்திய பக்கம் பார்ப்பதற்கு அழகாக இராது. நிறம் ஒவ்வாத வார்போல் அது உறுத்தும். ஆனால், பிழை எங்கே இருந்தது, எவ்வாறு சரியாயிற்று என்பதை அந்தப் பக்கம் மறைக்காமல் காட்டுகிறது. அதைக் கிழித்தெறிந்துவிட்டு வேறொருவர் எழுதித் தந்ததைத் தூய தாளில் படியெடுப்பவன், வாசலில் மின்னிய சேணத்தையே விரும்புகிறான்.

சேணமானாலும் செய்யுளானாலும் சோதிக்கும் முறை ஒன்றே. பளபளப்பைப் பாராட்டுமுன் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் படாத இடத்தில் கையை வைத்து அழுத்த வேண்டும். வளைய வேண்டியது வளைகிறதா, அசையக் கூடாதது அசையாமல் நிற்கிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். பிறர் வேலையில் மட்டுமன்று. நாம் பழுது பார்த்துக் கொடுக்கும் ஒவ்வொன்றிலும் அச்சோதனையை முதலில் நாமே செய்துவிடுவது நல்லது. ஏனெனில், நம் தையலை நம்பி ஏறப்போகிறவர் பெரும்பாலும் ஒரு குழந்தையாக இருக்கும்.